எண்பத்திரண்டு சென்ரிமீற்றர்

மட்டக்குளியில், ரொசலின் அக்காவின் கூடத்துச் சுவரில்
தரையிலிருந்து எண்பத்திரண்டு சென்ரிமீற்றரில்
பழுப்பாய் ஒரு கோடு.
அளவுநாடாவின் நுனியை அவள் பிடித்தாள்.
"இன்னும் கழுவல்ல மிஸ்,
நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க."

அதே சுவருக்கு என் மொடல் தந்தது முப்பத்தெட்டு.

அதில் இருபத்திரண்டு அமுக்கத்தின் பங்கு.
ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால்
கடல் ஒரு சென்ரிமீற்றர் நிமிரும்.
வாங்கிய கடனைச் சதம் பிசகாமல் திருப்பித் தரும் ஆள் அது.
காற்று அப்படியல்ல.
மெல்ல வீசும்போது நீரின் தோலைக் கிள்ளும்,
வேகம் கூடக் கூடப் பிடி இறுகும்,
ஒரு கட்டத்துக்கு மேல்
நுரையில் கை வழுக்கும்.
அந்தக் கட்டம் எதுவென்று
நாலு கட்டுரை படித்தேன், ஐந்து பதில் கிடைத்தது.
நடுவில் ஒன்றைத் தேர்ந்தேன்,
மீன்கடையில் பேரம் பேசுவது போல.

வங்காள விரிகுடாவின் உச்சியில்
ஆழமற்ற கடல் பாய்போல் விரிந்து கிடக்கிறது,
காற்று தண்ணீரைச் சுருட்டிக் கரைக்குக் கொண்டுவரும்.
கொழும்பில் கடல் சட்டென்று இறங்கிவிடுகிறது.
சுருட்டப் பாய் இல்லை.
இங்கே வேலையைச் செய்வது அலை:
உடைந்து, தள்ளி,
திரும்பிப் போக வழி தேடுவதற்குள்
பின்னால் வருவதும் தள்ளி.
காலை ஏழரைக்கு 155 பஸ்ஸின் மிதிபலகை.

அந்த அலைகளை நான்தான் அணைத்து வைத்திருந்தேன்.
அவற்றோடு ஓடவிட்டால் பதினான்கு மணித்தியாலம்.
புயல் அவ்வளவு நேரம் பொறுக்காது
என்று தினுஷ்கவிடம் நியாயம் சொல்லியிருந்தேன்.
இப்போது புயல் போய்விட்டது, நேரம் இருக்கிறது,
அலைகளைத் திறந்தேன்.
ஐம்பத்தேழு.

மிச்சத்தை உராய்வில் தேடினேன்.
இருநூறு மீற்றர்ச் சதுரம் ஒன்றுக்குள்
கோயிலும் கருவாட்டுப் பந்தலும்
மூன்று ஒழுங்கைகளும் ரொசலின் அக்காவும் அடக்கம்.
அத்தனைக்கும் ஒரே குணகம்.
கொஞ்சம் குறைத்தேன், இன்னும் கொஞ்சம்,
தெருக்கள் கண்ணாடியாகும்வரை குறைத்தேன்.
அறுபத்தொன்று.
அதற்குமேல் குறைக்க வெட்கமாக இருந்தது.

மறுபடி போனேன். பிளேன்டீ வந்தது.
"கடல் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது?"
சிரித்தாள்.
"கடலா? முன்பக்கமா வரவே இல்ல மிஸ்.
பின்கதவால வந்திச்சு.
குசினியில வாளி மிதந்திச்சு முதல்ல."

பின்கதவு கால்வாயைப் பார்த்திருக்கிறது.
கால்வாய் களனி ஆற்றைப் பார்த்திருக்கிறது.
என் வரைபடத்தில்
ஆற்றின் வாயில் ஒரு சுவர் எழுப்பியிருந்தேன்,
சும்மா, வசதிக்காக.
அவிசாவளையில் இரண்டு நாள் பெய்த மழை
என் மொடலுக்குள் ஒரு துளியும் விழவில்லை.
கடல் வாசலை மறித்து நிற்க
ஆறு திரும்பிப் பார்த்து
ஒழுங்கைக்குள் நுழைந்ததை
ஒரு வாளி கண்டிருக்கிறது.

சுவரை இடித்தேன்.
எண்பத்து நான்கு.

தினுஷ்க கை தட்டினான். கேக் வாங்கப் போனான்.
நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.
காற்றின் பிடியைக் கூட்டி வைத்திருக்கிறேனோ?
தெருக்கள் இன்னும் கண்ணாடியாகவே கிடக்கின்றன.
ஒரு பிழை இன்னொன்றைத் தின்று
இரண்டும் நிறைந்த வயிற்றோடு
சரியான எண்ணில் வந்து உட்கார்ந்திருக்கலாம்.
அடுத்த புயல் வேறு திசையால் வந்தால்
அவை ஒன்றையொன்று தின்னுமா, தெரியாது.

கோட்டைக் கழுவலாம் என்று சொல்ல
அன்று மாலை அழைத்தேன்.
கழுவிப் பூசியும் ஆயிற்றாம்.
பிளக்குகளை எல்லாம் மேலே ஏற்றியாயிற்றாம்.
"எவ்வளவு மேலே?"
"கோட்டுக்கு ஒரு சாண் மேல, மிஸ்."
யாருடைய சாண் என்று கேட்டேன்.
"மகன்ட. அவனுக்குப் பெரிய கை."